பாதயாத்திரை வழி யாருக்கெல்லாம் ஆகும்? ஒட்டன்சத்திரம் – பழனி பாதையை அளந்து எழுதும் முறை

திண்டுக்கல் பக்கமிருந்து பழனிக்கு நடப்பவர்களுக்கு ஒட்டன்சத்திரம் தாண்டினால் மிச்சம் ஏறத்தாழ 30 கி.மீ. விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று ஊர்கள் வரும். இடையில் தென்னந்தோப்பு, கொய்யாத் தோப்பு, காய்கறித் தோட்டங்கள். தெற்கே கூடவே மலை வரும். சாலையோரம் பல இடங்களில் பேவர் பிளாக் நடைபாதை உண்டு; மற்ற இடங்களில் மண் ஓரம்தான். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இங்கே நடப்பவர்களில் ஊன்றுகோல் பிடித்த பெரியவர்கள் இருக்கிறார்கள், பார்வையற்றவர்கள் இருக்கிறார்கள், மூன்று சக்கர சைக்கிளைக் கையால் மிதித்து வருபவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வழியைப் பற்றி "எல்லோரும் போகலாம்" என்று எழுதினாலும் "மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதல்ல" என்று எழுதினாலும் இரண்டும் தவறு. ஒருவருக்கு 40 மி.மீ. படி ஒரு பொருட்டே இல்லை. இன்னொருவருக்கு அதோடு பயணம் முடிந்தது. அதனால் தீர்ப்புச் சொல்வது அளப்பவரின் வேலை இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு அகலம், எவ்வளவு சரிவு, எவ்வளவு உயரப் படி என்று எண்ணாக எழுதிக் கொடுங்கள். போகலாமா வேண்டாமா என்பதைப் போகிறவர் தீர்மானிப்பார்.

யார் யார் போக வேண்டும்

குறைந்தது நான்கு பேர்: சக்கர நாற்காலியோ மூன்று சக்கர சைக்கிளோ தினமும் ஓட்டுபவர் ஒருவர், வெள்ளைக்கோல் பிடித்து நடப்பவர் ஒருவர், டேப் பிடிக்க ஒருவர், எழுத ஒருவர். ஊன்றுகோலுடன் நடக்கும் பெரியவர் ஒருவரும் வந்தால் இன்னும் நல்லது. முதல் இருவரையும் உதவிக்கு வந்தவர்களாக நடத்தாதீர்கள்; இந்த வேலையின் நிபுணர்கள் அவர்கள்தான். டேப் பிடிப்பவருக்குக் கூலி உண்டென்றால் அவர்களுக்கும் உண்டு.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்பது, நல்ல கால் உள்ளவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். புதிதாகக் கண்ணைக் கட்டியவர் எல்லா இடத்திலும் தடுமாறுவார். பழகியவர் தடுமாறுவது வேறு இடங்களில். ஆகவே கிடைக்கும் பட்டியலே தப்பாக இருக்கும்.

கையில் வேண்டியவை

5 மீட்டர் டேப். சரியாக 1200 மி.மீ. நீளத்தில் வெட்டிய நேரான அலுமினியச் சட்டம். மேஸ்திரிகள் வைத்திருக்கும் ரசமட்டம். தூரம் அளக்கும் சக்கரம். கிடைக்காவிட்டால் 30 மீட்டர் டேப். சாக்பீஸ், கைபேசி, பவர் பேங்க், அட்டையில் மாட்டிய படிவம். பயணப் பை எடை பார்க்கும் கொக்கித் தராசும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று கீழே வருகிறது. சாலையோர வேலை என்பதால் எல்லோருக்கும் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம்.

புறப்படும் முன் இன்னொன்று: குழுவில் வரும் வண்டிகளையே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மடக்கும் சக்கர நாற்காலிகள் பெரும்பாலும் 650 முதல் 700 மி.மீ. வெளி அகலம் வரும். கையால் மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளும், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும் அதைவிட அகலம். சைக்கிளுக்கு நீளமும் அதிகம். திரும்புவதற்கு 1500 மி.மீ. வட்டம் போதும் என்று கட்டட வழிகாட்டிகள் சொல்வது நாற்காலிக்குத்தான். சைக்கிளுக்கு அது பற்றாது. நம் கிராமப்புறத்தில் அதிகம் ஓடுவது இந்தச் சைக்கிளும் ஸ்கூட்டரும்தான் என்பதால் இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் அளந்ததில் பாதி வீண்.

வழியைத் துண்டுகளாகப் பிரித்தல்

30 கி.மீ.யை ஒரே வழியாகப் பார்க்காதீர்கள். ஒட்டன்சத்திரம்–விருப்பாச்சி, விருப்பாச்சி–சத்திரப்பட்டி, சத்திரப்பட்டி–ஆயக்குடி, ஆயக்குடி–பழனி அடிவாரம் என்று நான்கு துண்டுகள். பேருந்து நிற்கும் இடத்தில் துண்டு தொடங்கி, பேருந்து நிற்கும் இடத்தில் முடிய வேண்டும். முழுத்தூரமும் நடக்க முடியாதவர் ஆயக்குடியில் இறங்கிக் கடைசித் துண்டை மட்டும் நடந்து சாமி பார்க்கலாம். நடுவில் முடியாமல் போனவர் எங்கே வண்டி பிடிக்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு நாளைக்கு 4 முதல் 6 கி.மீ. அளந்தால் போதும். அதற்கு மேல் போனால் மாலையில் எழுதும் எண்களை நம்ப முடியாது.

பைக்கில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் துண்டு பிரிக்கலாம், தவறில்லை. ஆனால் பைக்கில் உட்கார்ந்து அளவு எடுக்க முடியாது. 60 மி.மீ. பள்ளத்தை டயர் விழுங்கிவிடும்.

அகலம்

அளக்க வேண்டியது தடையில்லாத அகலம். பேவர் பிளாக் ஓரத்திலிருந்து ஓரம் வரை 2 மீட்டர் இருக்கும். நடுவில் மின்கம்பம் நின்றால் கம்பத்துக்கும் ஓரத்துக்கும் இடையில் எவ்வளவு மிச்சமோ அதுதான் அந்த இடத்தின் அகலம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 103 வழிகாட்டி நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் தலைக்கு மேல் உயரமும் கேட்கிறது. 1.8 இருந்தால் இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கலாம். 900 மி.மீ.க்குக் கீழே போனால் நாற்காலி ஓட்டுபவரின் கைமுட்டி உரசும்.

ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஓர் அளவு, அதோடு குறுகும் இடம் ஒவ்வொன்றிலும் ஓர் அளவு. 100 மீட்டர் அளவுகளை வைத்துப் பொதுவான அகலத்தைச் சொல்லலாம். குறுகிய இடங்களை ஒருபோதும் சராசரியில் கரைக்காதீர்கள். 29 கி.மீ. அகலமாக இருந்து ஓரிடத்தில் 600 மி.மீ. இருந்தால், சைக்கிளில் வருபவருக்கு அந்த வழி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இருசக்கர வாகனங்கள் ஏறக்கூடாது என்று நடைபாதை வாயிலில் குழாய் நட்டிருக்கும் இடங்களைத் தனியாகக் குறியுங்கள். பைக்கைத் தடுக்கும் எதுவும் மூன்று சக்கர சைக்கிளையும் தடுக்கும். குழாய்களுக்கு இடையில் 1200 மி.மீ. விட்டால் நாற்காலியோடு பெரும்பாலான மூன்று சக்கர வண்டிகளும் நுழையும்; குழுவின் வண்டியை விட்டே உறுதி செய்யுங்கள்.

சரிவு

இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கைபேசியில் வரும் உயரக் கோட்டை வைத்துச் சரிவு சொல்கிறார்கள். 3 மீட்டர் நீளச் சாய்தளம் அந்தக் கோட்டில் தெரியவே தெரியாது, பிரச்சினையோ அங்கேதான்.

1200 மி.மீ. சட்டத்தை நடக்கும் திசையில் தரையில் வையுங்கள். மேலே ரசமட்டம். தாழ்ந்த முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்கி, அந்த முனைக்குக் கீழே உள்ள இடைவெளியை மி.மீ.யில் அளக்கவும். 1200-ஐ அந்த எண்ணால் வகுத்தால் சரிவு வந்துவிடும். மனப்பாடம் செய்ய வேண்டியவை நான்கே: 24 மி.மீ. என்றால் 1:50 (50 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. இறக்கம்), 60 என்றால் 1:20, 100 என்றால் 1:12, 150 என்றால் 1:8. ரசமட்டத்தைத் தலைகீழ்த் திசையில் திருப்பி வைத்து இன்னொருமுறை பாருங்கள். இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ரசமட்டம் பழுது.

1:20 வரை எவ்வளவு நீளமானாலும் பெரும்பாலோர் சமாளிப்பார்கள். 1:12 என்பது கட்டடச் சாய்தளத்துக்கு நாம் வைத்திருக்கும் உச்ச அளவு. வெளிப்புற நடைவழிக்கு அணுகல் விதிகளை வகுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான அக்சஸ் போர்டு 2013-ல் கொண்டுவந்த விதிகள் நீளத்தையும் சேர்த்துப் பார்க்கின்றன: 1:12 சரிவு ஏறத்தாழ 60 மீட்டர் வரை, 1:10 என்றால் 9 மீட்டர் வரை, ஏறத்தாழ 1:8 என்றால் 3 மீட்டர் வரைதான், அதன்பின் இளைப்பாறச் சமதளம் வேண்டும். நம் ஊர்ச் சாலையோர வழிக்குத் தனியாக இப்படி ஓர் அளவுகோல் கையில் இல்லாதபோது இதை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆகவே சரிவோடு அதன் நீளத்தையும் எழுதுங்கள். நீளம் இல்லாத சரிவு எண் பாதிச் செய்திதான்.

குறுக்குச் சரிவை மறக்காதீர்கள். சட்டத்தைப் பாதைக்குக் குறுக்கே வைத்து அதே முறையில் அளக்க வேண்டும். தளம் போட்ட இடத்தில் 24 மி.மீ.க்குள் (1:50) இருக்க வேண்டும். மழைநீர் வழிய வேண்டுமென்று மண் ஓரத்தைச் சாய்த்து வெட்டியிருப்பார்கள். 60, 70 மி.மீ. சாதாரணமாக வரும். அப்படிப்பட்ட இடத்தில் நாற்காலி தானாகப் பள்ளத்துப் பக்கம் இழுக்கும், ஓட்டுபவர் ஒரு கையால் மட்டுமே தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஒரு கி.மீ. அப்படிப் போனால் தோள் போய்விடும். செயற்கைக்கால் அணிந்தவருக்கும் இதே சிரமம்: ஒரு கால் எப்போதும் நீளமாகத் தோன்றும்.

தரை

பேவர் பிளாக் பார்க்க நன்றாக இருக்கும். அது கெடும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். ஓரத்துக் கெர்ப் கல் பெயர்ந்த இடத்தில் முதலில் கடைசி வரிசை சரியும். பிறகு கீழிருக்கும் மணல் மழையில் ஓடி உள் வரிசைகளும் ஆடும். வேப்ப மர, புளிய மர அடியில் வேர் தூக்கும். சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் தளம் உட்காரும், மூடி மட்டும் நிற்கும். தோட்டத்துக்குள் டிராக்டர் திரும்பும் இடத்தில் கட்டிகள் உடைந்திருக்கும். இந்த நான்கு இடங்களிலும் மேடு பள்ள வித்தியாசத்தை மி.மீ.யில் எழுதுங்கள். தளம் போட்ட பாதையில் 13 மி.மீ.க்கு மேல் நிற்கும் விளிம்பு நாற்காலியின் முன் சிறுசக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். வெள்ளைக்கோலின் நுனியும் மாட்டும். இரும்புச் சல்லடை மூடியானால் கம்பிகளின் இடைவெளியை அளந்து, கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது என்றும் எழுதுங்கள். நடக்கும் திசையிலேயே ஓடினால் சக்கரம் இறங்கிவிடும்.

மண் ஓரத்துக்கு கொக்கித் தராசு. ஆளோடு இருக்கும் சக்கர நாற்காலியை, அவர் சம்மதத்தோடு, முதலில் சமமான சிமென்ட் தரையில் தராசை மாட்டி மெதுவாக இழுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் அடிப்படை. பிறகு கிராவல், செம்மண், ஜல்லி என்று ஒவ்வொரு தரையிலும், சரிவில்லாத இடமாகப் பார்த்து, அதே வேகத்தில் இழுங்கள். "சிமென்டைப் போல மூன்று மடங்கு இழுவை, 400 மீட்டருக்கு" என்று எழுதினால் நாற்காலி ஓட்டும் எவருக்கும் உடனே விளங்கும். "சற்றுக் கடினமான மண் பாதை" என்பது யாருக்கும் விளங்காது.

பாதயாத்திரைக்கே உரிய இன்னொன்று வெறுங்கால். வெயிலில் பேவர் பிளாக்கும் தாரும் கொதிக்கும். பக்கத்து மண் அவ்வளவு கொதிக்காது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். காலை 11 முதல் மாலை 3 வரை நிழல் இல்லாத பகுதிகளை எங்கிருந்து எங்கே வரை என்று குறியுங்கள். சீமைக்கருவேலம் ஓரத்தில் வளர்ந்த இடங்களையும் குறியுங்கள். முள் காலிலும் குத்தும், காற்றில்லாத டயரைத் தவிர மற்ற டயர்களிலும் குத்தும்.

வெள்ளைக்கோலுக்குத் தட்டுப்படாதவை

கோல் தரையைத்தான் சொல்லும். இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது முகத்தில் இடித்தபிறகுதான் தெரியும். கிராமப்புறத்தில் இதில் மிக மோசமானது மின்கம்பத்தின் ஸ்டே கம்பி, அதாவது கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டிய கம்பி. அது சாய்வாக இறங்குவதால், கோல் அடிக்கம்பியைத் தொடும் முன்பே மேல்கம்பி நெற்றியைத் தொட்டுவிடும். அடுத்தது கடைகளின் தகரக் கூரை விளிம்பு, கட்சி விளம்பரப் பலகை, தாழ்ந்த கிளை. 2.2 மீட்டருக்குக் கீழே எது இருந்தாலும் அதன் உயரத்தோடு எழுதுங்கள். ஸ்டே கம்பிக்கு மஞ்சள் குழாய் மாட்டியிருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதலாம். பார்வை மங்கியவருக்கு அது உதவும், முற்றிலும் பார்வையற்றவருக்கு உதவாது.

நடைபாதை முடிந்து மண் தொடங்கும் இடம், சாலைக்குள் இறங்கும் இடம் இரண்டிலும் காலுக்குத் தெரியும் அடையாளம் உண்டா? புள்ளி பதித்த மஞ்சள் எச்சரிக்கை ஓடு பதிப்பதற்கான இடங்கள் இவைதான். சிறுபாலத்தின் கைப்பிடிச்சுவர் முடிந்து வாய்க்கால் பள்ளம் திறந்திருக்கும் இடம்தான் உயிருக்கு ஆபத்தானது. அதைத் தனித் தாளில் எழுதி அன்றைக்கே தெரிவியுங்கள். அறிக்கை முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

சாலையைக் கடப்பது

நடைபாதை ஒரு பக்கம், கழிப்பறை மறுபக்கம் என்றால் நெடுஞ்சாலையைக் கடந்தாக வேண்டும். கணக்கு எளிது. மெதுவாக நடக்கும் பெரியவர் நொடிக்கு 0.7 மீட்டர் நடப்பார் என்று வைத்தால் 7 மீட்டர் சாலைக்கு 10 நொடி. மணிக்கு 80 கி.மீ.யில் வரும் பேருந்து அந்த 10 நொடியில் 220 மீட்டர் வந்துவிடும். ஆகவே இரண்டு பக்கமும் 220 மீட்டராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

டேப் வைத்து இதை அளக்க வேண்டியதில்லை. கடக்கும் இடத்தில் நின்று, வண்டி கண்ணில் பட்ட நொடியிலிருந்து நம்மைத் தாண்டும் நொடி வரை கைபேசிக் கடிகாரத்தில் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 20 வண்டிகள். கிடைத்ததில் மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். அது 10-க்குக் கீழே என்றால் பெரியவருக்கு அங்கே கடக்க இடமில்லை. பார்வையற்றவருக்குக் கண்ணில் படும் தூரத்தால் பயனில்லை. அவர் காதில் வண்டிச் சத்தம் எப்போது விழுகிறது என்று அவரே கையைத் தூக்கிக் காட்டட்டும், அதிலிருந்து எண்ணுங்கள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் அந்த எண் பாதியாகக்கூடும் என்பதால் காற்றின் திசையையும் எழுதி வையுங்கள்.

கழிப்பறை, தண்ணீர், உட்காரும் இடம்

"கழிப்பறை உண்டு" என்று எழுதி நிறுத்தாதீர்கள். வாசலில் எத்தனை படி, கதவின் திறந்த அகலம் எவ்வளவு (900 மி.மீ. வேண்டும்), உள்ளே உட்காரும் கோப்பையா குந்தும் கோப்பையா, கைப்பிடிக் கம்பி ஆடாமல் நிற்கிறதா, தாழ்ப்பாள் எட்டுகிறதா, தண்ணீர் வருகிறதா, இரவில் பூட்டுவார்களா, சாவி யாரிடம். குந்தும் கோப்பை மட்டும் உள்ள இடம் முழங்கால் வலி உள்ள பெரியவருக்கும் பயன்படாது. அடுத்த உட்காரும் கோப்பை எத்தனை கி.மீ. தள்ளி என்ற ஒரு வரிதான் பலரும் முதலில் தேடும் வரி. அதை அறிக்கையின் மேலேயே போடுங்கள்.

குடிநீர்க் குழாய் 1200 மி.மீ.க்கு மேலே இருந்தால் நாற்காலியில் இருப்பவருக்கு எட்டாது. உட்காரும் திண்ணை தரையிலிருந்து 450 மி.மீ. அளவில் இருந்தால் எழுந்திருக்க எளிது. மைல்கல்லும் பாலச் சுவரும் திண்ணை ஆகா. பேருந்தின் முதல் படி நிறுத்தத்தின் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் அளங்கள்.

திருவிழா நாளில் மறுபடியும்

சாதாரண நாளில் 2 மீட்டர் இருந்த பாதை தைப்பூசத்தன்று கடையாகிவிடும். தண்ணீர்த் தொட்டி, அன்னதானப் பந்தல், நிறுத்திய வேன்கள், கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய சவுக்குக் கம்பு எல்லாம் பாதைக்குள் வரும். இரவில் நடப்பவர்களே அதிகம் என்பதால் விளக்கில்லாத இடங்களும், எதிரே வரும் வண்டிகளின் ஒளி கண்ணைக் கூசவைக்கும் வளைவுகளும் அப்போதுதான் தெரியும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை, திருவிழாக் கூட்டத்தில் ஒருமுறை, இரண்டும் தனித்தனிப் படிவங்களில். ஒன்றை இன்னொன்றின் மேல் திருத்தி எழுதாதீர்கள்.

பழனியில் அடிவாரத்தோடு நிறுத்தவும் கூடாது. படிப்பாதையில் 693 படிகள். ஏற முடியாதவருக்கு விஞ்ச் (தண்டவாளத்தில் கம்பி வடத்தால் இழுக்கும் பெட்டி), ரோப் கார். நடந்து வந்து சேரும் இடத்திலிருந்து விஞ்ச் நிலையம் வரை கிரிவீதித் (மலையைச் சுற்றிய தெரு) தரை, வரிசைத் தடுப்புக் கம்பிகளின் அகலம், பெட்டிக்கும் மேடைக்கும் இடையிலான படி, மேலே இறங்கியபின் சன்னிதி வரை எத்தனை படி என்பதெல்லாம் இந்த வழியின் பகுதியே. பராமரிப்புக்காகவும் பலத்த காற்றாலும் ரோப் கார் நிறுத்தப்படுவது உண்டு. அந்த நாளில் மாற்று என்ன என்றும் எழுதுங்கள்.

எழுதும் விதம்

ஒவ்வொரு தடைக்கும் ஓர் எண். தூரம், ஜிபிஎஸ் புள்ளி, டேப் தெரியும்படி எடுத்த படம். கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால் பக்கத்து கிலோமீட்டர் கல்லையும், சிறுபாலத்தின் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கும் பால எண்ணையும் சேர்த்துவிடுங்கள். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் இடத்தைக் கண்டுபிடிப்பது அந்த எண்ணை வைத்துத்தான்.

மாதிரிக்கு ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "தடை 14. துண்டு 3-ல் 2.35 கி.மீ. சிறுபாலத்துக்கு முன். நடைபாதை முடிந்து 120 மி.மீ. இறக்கம், சாய்தளம் இல்லை. அகலம் 1.4 மீட்டர். இடப்பக்கம் வாய்க்கால், தடுப்பு இல்லை. சுற்றிப் போக வழி: சாலைக்குள் 18 மீட்டர்."

இதிலேயே தீர்வும் கிடைக்கும். 120 மி.மீ.க்கு 1:12 சாய்தளம் என்றால் 1.44 மீட்டர் நீளம். ஒரு மேஸ்திரியும் ஓர் ஆளும் ஒரே நாளில் முடிக்கும் வேலை. அந்த ஒரு நாள் வேலை எத்தனை கி.மீ.யைத் திறந்துவிடுகிறது என்று ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் எழுதி, அதிக தூரம் திறப்பதை முதலில் வரிசைப்படுத்துங்கள். பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத பத்துப் பதினைந்து இடங்கள் பட்டியலின் தலையில் வந்து நிற்கும்.

சாலையும் நடைபாதையும் நெடுஞ்சாலைத் துறைக்கு, குடிநீரும் கழிப்பறையும் அந்தந்த ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சிக்கு, அடிவாரமும் விஞ்சும் கோயில் நிர்வாகத்துக்கு, எல்லாவற்றின் நகலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொது இடங்களில் அணுகல் வசதியைக் கடமையாக்கியிருக்கிறது. மனுவின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லுங்கள், கெஞ்ச வேண்டியதில்லை. ஒரே மனுவில் நான்கு துறைகளின் வேலையைக் கலக்காதீர்கள். கலந்தால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசைக்குத் தள்ளும்.

நடப்பவர்களுக்கான பதிப்பு வேறு. துண்டுக்கு ஒரு பக்கம்: நீளம், தரை வகை, பொதுவான அகலம், மிகக் குறுகிய அகலம், மிக அதிகச் சரிவும் அதன் நீளமும், கழிப்பறை, தண்ணீர், வண்டி பிடிக்கும் இடம். பெரிய எழுத்தில் ஒன்று, அதையே வாசித்துப் பதிவு செய்த குரல் கோப்பு ஒன்று. பார்வையற்றவர்கள் வாட்ஸ்அப்பில் பகிர்வது இரண்டாவதைத்தான். பக்கத்தின் மேலே அளந்த தேதி இருக்கட்டும். ஒரு மழைக்காலம் தாண்டியும் மறு அளவு எடுக்காத பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய எண்ணை நம்பிப் புறப்பட்டவர் நடுவழியில் நிற்க நேரிடும்.